ஊர் அமைப்பும் ஜாதி அமைப்பும்

பட்டணங்களை மனிதர் வாழத்தக்க இடங்களாக்குவது எப்படி என்பதைப் பற்றி இப்போது எங்கு பார்த்தாலும் பேச்சாயிருக்கிறது. இஞ்சினீயர்களும், கட்டடக் கலைஞர்களும், அதிகாரிகளும் கூடி, பூங்கா வேண்டும், நடைபாதை வேண்டும், நிழல் வேண்டும், விளக்கு வேண்டும் என்கிறார்கள். இந்திய சர்க்கார் 2015-ல் சீர்மிகு நகரத் திட்டம் என்று ஒன்றை ஆரம்பித்து நூறு நகரங்களைப் பொறுக்கியதில், தமிழ்நாட்டுக்குப் பதினொன்று கிடைத்தன. அத்திட்டம் 2025 மார்ச்சோடு முடிந்தும் போயிற்று. மதுரையில் கோவிலைச் சுற்றியுள்ள சித்திரை வீதிகளுக்குக் கல் பாவினார்கள்.

இவைகளை வேண்டாமென்று சொல்ல நாம் வரவில்லை. சேறில்லாத தெருவும், நாற்றமில்லாத சாக்கடையும், நல்ல தண்ணீரும் எல்லோருக்கும் வேண்டியவைகளே. ஆனால் வாழத்தக்க ஊர் என்று சொல்லுகிறவர்களைப் பார்த்து, யார் வாழத்தக்க ஊர் என்று ஒரு கேள்வி கேட்க நமக்குப் பாத்தியதை உண்டு. ஏனெனில், நமது நாட்டில் ஊரை அமைத்தவன் இஞ்சினீயர் அல்ல, ஜாதியே ஆகும்.

கௌடில்யர் பேரால் வழங்கும் அர்த்த சாஸ்திரம் நகரம் கட்டும் விதத்தைச் சொல்லுமிடத்தில், சண்டாளருக்கு இடம் சுடுகாட்டின் எல்லை என்று விதித்திருக்கிறது. சிற்ப சாஸ்திரங்களோ, வெள்ளை மண் பார்ப்பனனுக்கு, கருப்பு மண் சூத்திரனுக்கு என்று மண்ணுக்கே வருணம் பிரித்து வைத்தன. இன்றைக்கும் நமது ஊர்களைச் சுற்றிப் பாருங்கள். நடுவில் கோவில், அதை ஒட்டி அக்கிரகாரம், அதற்கு வெளியே ஊர், அதற்கும் வெளியே வெள்ளம் வந்தால் முதலில் முழுகும் பள்ளத்தில் சேரி, அதை ஒட்டிச் சுடுகாடு! இது தற்செயலாய் நேர்ந்ததா? சாஸ்திரத்தை மண்ணிலே எழுதி வைத்ததல்லவா?

1914-ல் சென்னை கவர்னர் பெண்ட்லண்டு பிரபு அழைப்பின் பேரில் பாட்ரிக் கெடிஸ் என்ற ஸ்காட்லாந்து தேசத்து அறிஞர் இங்கு வந்தார். அவர் முன்னால் அனுப்பிய கண்காட்சிச் சாமான்கள் எம்டன் கப்பலால் கடலில் மூழ்கடிக்கப்பட்டும், வேறு சாமான்கள் சேர்த்துக் கண்காட்சி நடத்தி, இம்மாகாணத்து ஊர்கள் பலவற்றைச் சுற்றிப் பார்த்து 1915-ல் அறிக்கைகள் எழுதினார். ஏழைகள் வீட்டை இடித்து நேர் ரோடு போடுவது சீர்திருத்தமாகாது, பாழ் வீடுகளை மாத்திரம் நீக்கி, மரம் வைத்து, காற்றுக்கு வழி விட்டால் போதும் என்பது அவர் கொள்கை. இது நல்ல புத்திமதியே. ஆனால் நமது கோவில் நகரங்களின் அகன்ற தேர் வீதிகளையும் குளங்களையும் கண்டு அவர் வெகுவாய்ப் புகழ்ந்தார். வீதி அகலந்தான்; அந்த அகலத்தில் நடக்க யாருக்கு உரிமை இருந்தது? வைக்கத்தில் கோவிலைச் சுற்றிய தெருவில் மனிதன் நடப்பதற்கு 1924-ல் சத்தியாக்கிரகம் செய்து, பெரியார் இருமுறை ஜெயிலுக்குப் போக நேர்ந்ததே! நாயும் பன்றியும் நடந்த தெரு அது.

வெகுதூரம் போவானேன்? நமது இராமநாதபுரம் ஜில்லாவையே எடுத்துக் கொள்ளுவோம். 1930 டிசம்பரில் இந்த ஜில்லாவில் மேல் ஜாதியார் ஆதிதிராவிடர்களுக்கு எட்டுக் கட்டளைகள் போட்டார்கள். ஹட்டன் துரை தமது ஜாதி பற்றிய புத்தகத்தில் அவைகளை எடுத்துக் காட்டியிருக்கிறார். ஆண்கள் சட்டை போடக்கூடாது, வீட்டில் மண்பாண்டம் தவிர வேறு பாத்திரம் ஆகாது, பெண்கள் மேலே துணி போடக்கூடாது என்பவைகளோடு, வெயிலுக்கும் மழைக்கும் குடை பிடிக்கக் கூடாது, செருப்புப் போடக்கூடாது என்பதும் ஒன்று. மீறிய இடங்களில் குடிசைகள் கொளுத்தப்பட்டன. இராமநாதபுரத்து வெயில் எப்படிப்பட்டது என்பதை இந்தக் கடற்கரையில் இருப்பவர்களுக்கு நாம் சொல்ல வேண்டியதில்லை. நிழலே ஒருவனுக்குத் தடுக்கப்பட்டிருந்த தேசத்தில், நிழல் தரும் தெரு அமைப்பைப் பற்றிப் பேசுகிறவர்கள் இதை மறந்து பேசலாமா?

அதே காலத்தை ஒட்டித்தான், ஜில்லா போர்டுத் தலைவராயிருந்த நமது தோழர் டபிள்யு. பி. ஏ. சௌந்தரபாண்டியன் அவர்கள், ஆதிதிராவிடர்களை ஏற்ற மறுக்கும் பஸ்களுக்கு லைசென்சு ரத்தாகும் என்று உத்தரவு போட்டார். ஒரு கல் பாவவில்லை, ஒரு விளக்கு நடவில்லை. ஆனாலும் ஜில்லா முழுவதையும் ஒரே உத்தரவில் வாழத்தக்கதாக்க வழி செய்தார். நகர அமைப்பு என்பது இதுவல்லவா?

"அதெல்லாம் பழங்கதை, இப்போது ஜாதி எங்கே இருக்கிறது?" என்று சிலர் கேட்கலாம். மதுரை ஜில்லா உத்தப்புரத்தில் ஊருக்கும் சேரிக்கும் நடுவே நின்ற சுவரில் ஒரு பகுதியை 2008 மே 6-ந் தேதி சர்க்காரே இடிக்க வேண்டி வந்தது. மேட்டுப்பாளையம் நடூரில் 2019 டிசம்பர் 2-ந் தேதி விடியற்காலை மழையில் ஓர் உயர்ந்த சுவர் இடிந்து விழுந்து, தாழ்த்தப்பட்ட மக்கள் பதினேழு பேர் தூக்கத்திலேயே மாண்டார்கள். அது தீண்டாமைச் சுவர் என்றே அங்குள்ள மக்கள் சொன்னார்கள். சென்னையிலோ, நகரத்தை அழகு செய்வதாகச் சொல்லி, கூவக்கரைக் குடிசைவாசிகளைக் கண்ணகி நகருக்கும் பெரும்பாக்கத்துக்கும் வெகுதூரம் ஏற்றி அனுப்பினார்கள். மாடி வீடு கிடைத்தது. பிழைப்பும் பள்ளிக்கூடமும் பழைய இடத்திலேயே நின்றுவிட்டன. சேரி என்பது குடிசையா, மாடியா என்பதில் இல்லை. ஊருக்கு வெளியே என்பதில்தான் இருக்கிறது.

இனி சாஸ்திரப் பைத்தியத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஜாதி ஊரைக் கெடுத்ததென்றால், வாஸ்து வீட்டைக் கெடுக்கிறது. தேவிபட்டினம் முதல் திருப்பாலைக்குடி, தொண்டி வரையுள்ள பாக் விரிகுடாக் கரையில், பகலில் குளிர்ந்த காற்று கடலிலிருந்து வருகிறது. கொடிய வெயில் மாலையில் மேற்கிலிருந்து அடிக்கிறது. கடற்பக்கம் ஜன்னலும், மேற்கே மரமும் தாழ்வாரமும் வை என்பதே அறிவு சொல்லும் சாஸ்திரம். மணல் மேட்டின் அடியில் மழை நீர் உப்பு நீரின் மேல் மிதந்து நிற்கிறது. கிணற்றை அங்கே தோண்ட வேண்டும், ஆழத் தோண்டினால் உப்பு ஏறிவிடும். கக்கூசுக் குழியைக் கிணற்றுக்கு ஐம்பது அடிக்கு இப்பால் கொண்டுவரக் கூடாது. ஆனால் வாஸ்துக்காரனோ, கிணறு ஈசானிய மூலையில்தான் வேண்டும் என்கிறான். ஈசானிய மூலையில் உப்புத் தண்ணீர் இருந்தால் ஈசானன் வந்து குடிப்பானா?

மனையடி சாஸ்திரம் இதைவிட வேடிக்கை. அறை இத்தனை அடி இருந்தால் செல்வமாம், ஓரடி கூடினால் தரித்திரமாம். 1956-ல் சட்டம் செய்து நாட்டில் மீட்டர் அளவு வந்துவிட்டதே, அந்தத் தரித்திரம் இப்போது எத்தனை மீட்டரில் உட்கார்ந்திருக்கிறது?

இது நிற்க, குற்றம் சொல்லுவதோடு நின்றால் போதாது. வழியும் சொல்ல வேண்டும். வழி நமது நாட்டிலேயே இருக்கிறது. பெரியார் நினைவுச் சமத்துவபுரம் என்ற திட்டத்தைக் கலைஞர் கருணாநிதி அரசு ஏற்படுத்தி, 1998-ல் மதுரை ஜில்லா மேலக்கோட்டையில் முதலாவதைத் திறந்தது. நூறு வீடுகள்; தாழ்த்தப்பட்டோருக்கு நாற்பது, பிற்படுத்தப்பட்டோருக்கு இருபத்தைந்து, மிகவும் பிற்படுத்தப்பட்டோருக்கு இருபத்தைந்து, மற்றோருக்குப் பத்து; வீடுகள் ஜாதிவாரியாகச் சேர்ந்திராமல் கலந்தே இருக்கும்; சுடுகாடும் எல்லோருக்கும் ஒன்றே. பிறகு இருநூறுக்கு மேற்பட்டவை ஏற்பட்டன. குறைகள் இருக்கலாம். ஆனால் அர்த்த சாஸ்திரத்தின் ஊர்ப் படத்தைக் கிழித்து வேறு படம் வரைந்த காரியம் இதுவே.

ஆனால் ஊருக்கு வெளியே புதிதாய் நூறு வீடு கட்டுவதோடு பழைய ஊர் மாறிவிடாது. ஆகவே தோழர்களே, உங்கள் ஊரில் கிராமசபை கூடும்போது அழகைப் பற்றிப் பேசுமுன் ஐந்து கேள்விகள் கேளுங்கள். தண்ணீர்க் குழாய் கடைசியாய் எட்டும் தெரு எது? மழைத்தண்ணீர் முதலில் தேங்கும் தெரு எது? சாக்கடைக்குள் மனிதனை இறக்குவது நின்றுவிட்டதா? சுடுகாடு ஒன்றா, இரண்டா? புதிதாய் மனை பிரிப்பவன் இன்ன ஜாதிக்குத்தான் விற்பேன் என்கிறானா? பணத்தை அந்தக் கடைசித் தெருவிலிருந்து செலவழிக்க ஆரம்பியுங்கள். தேரோடும் வீதிக்கு வருஷா வருஷம் மராமத்து நடக்கிறது. தேர் வராத தெருவிலும் மனிதன்தான் குடியிருக்கிறான்.

கடைசித் தெருவில் குடியிருக்க முதல் தெருக்காரன் வெட்கமோ பயமோ இல்லாமல் சம்மதிக்கும் நாளில்தான் அது வாழத்தக்க ஊர் ஆகும். அதுவரை பாவுகிற கல்லெல்லாம் ஜாதியின் மேல் போட்ட மெருகே ஒழிய வேறில்லை என்பதே நமது அபிப்பிராயம்.