பொன் யாருக்கு? நஞ்சு யாருக்கு?

கோலார் தங்கவயலில் இன்று சுரங்கத்துக்குள் ஆளில்லை. 2001-ம் ஆண்டில் மத்திய சர்க்கார் அதை இழுத்து மூடிவிட்டது. ஆனால் ஊரைச் சுற்றி 13 மண்மேடுகள் இன்னும் நிற்கின்றன. நூறாண்டுக்கு மேலாகத் தொழிலாளிகள் வெட்டிக் கொடுத்த பாறையை அரைத்து, சயனைடு கொண்டு பொன்னைப் பிரித்தெடுத்தபின் கொட்டிய கழிவு அது. சுமார் 3 கோடியே 30 லட்சம் டன். ஜனங்கள் அதைச் சயனைடு மேடு என்கிறார்கள்.

அந்த மேடுகளில் மீண்டும் பொன் எடுக்கும் யோசனைக்கு 2024 ஜூனில் கர்நாடக மந்திரிசபை சம்மதம் தந்தது. பனியன் கம்பெனித் தொழிலாளிக்கும் நொய்யல் கரை விவசாயக் கூலிக்கும் இதில் என்ன அக்கறை என்று சிலர் கேட்கலாம். அக்கறை உண்டு என்கிறோம்.

டன் மண்ணுக்கு ஒரு கிராம் அளவே பொன். முன்னாளில் வேண்டாமென்று ஒதுக்கிய அளவு இது. இன்று விஞ்ஞானம் அதையும் எடுக்க வழி காட்டியிருக்கிறது. அந்த வழிகளில் ஒன்று குவியல் முறை. நீர் கசியாத விரிப்பின்மேல் மண்ணைக் குவிக்கிறார்கள். தோட்டத்தில் சொட்டுநீர் விடுவதுபோல் குழாய் பரப்பி, சயனைடு கரைத்த நீரைச் சொட்டவிடுகிறார்கள். நீர் இறங்கும்போது பொன்னைக் கரைத்துக்கொண்டு வருகிறது. அந்தப் பொன்னைக் கரி பற்றிக்கொள்கிறது. காங்கயம் பக்கம் சுடுகிறார்களே, அதே தேங்காய்த் தொட்டிக் கரியைப் பக்குவப்படுத்தினால் இதற்கு உதவும். கழிவு மண் மாவுபோல் இருந்தால் நீர் இறங்காது. எனவே சிமெண்டும் சுண்ணாம்பும் கலந்து சிறு உருண்டைகளாக்கிக் குவிக்கவும் கற்றுக்கொண்டார்கள்.

விஞ்ஞானத்தை நாம் எதிர்க்கவில்லை; அது யார் கையில் இருக்கிறது என்றே கேட்கிறோம்.

2000 ஜனவரியில் ருமேனியாவில், பழைய கழிவு மண்ணில் பொன் எடுத்துவந்த ஒரு கம்பெனியின் அணைக்கரை உடைந்தது. சுமார் 1 லட்சம் கனமீட்டர் சயனைடு நீர் திசா நதியில் பாய்ந்து டான்யூப் வரை சென்றது. மீன்கள் செத்து மிதந்தன. 2024 பிப்ரவரியில் துருக்கியின் இலிச் பகுதியில் இத்தகைய குவியலே சரிந்து 9 தொழிலாளிகளைப் புதைத்தது.

நமக்கு அவ்வளவு தூரம் போக வேண்டியதில்லை. ஒரத்துப்பாளையம் அணை பாசனத்துக்கென்று கட்டியது. சாயக்கழிவு தேங்கும் குளமாயிற்று. கழிவைச் சுத்தம் செய்யும் நுட்பம் இல்லாமலா போயிற்று? இருந்தது, பணம் செலவிட மனமில்லை. கடைசியில் 2011 ஜனவரியில் சென்னை உயர்நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூட உத்தரவிட்டது. லாபம் முதலாளிக்கு; வேலையிழப்பு சாயத் தொழிலாளிக்கு; பாழான கிணறு விவசாயிக்கு. இதே கணக்கைத் தங்கவயலில் மீண்டும் எழுத விடலாமா?

அந்த மேடு சும்மா வந்ததல்ல. வட ஆற்காட்டிலிருந்தும் சித்தூரிலிருந்தும் சென்ற ஏழை மக்கள், பெரும்பாலும் தாழ்த்தப்பட்டோர், 3 கிலோமீட்டருக்கும் கீழே இறங்கி வெட்டியது. பாறைத்தூள் அவர்கள் நெஞ்சை அரித்தது. 1946 நவம்பரில் உரிமை கேட்டுப் போராடியபோது போலீஸ் துப்பாக்கிக்கு 6 தோழர்கள் பலியானார்கள். வெயிலில் சயனைடு நாளடைவில் சிதைந்து போகலாம், பாறைத்தூள் சிதையாது. காற்றடித்தால் இன்றும் அவர்கள் பிள்ளைகளின் வீட்டுக்குள்தான் வந்து விழுகிறது.

ஆகவே நாம் கோருகிறோம்: இந்த வேலை பொதுத்துறையிலேயே நடக்கவேண்டும். முதல் வேலை தங்கவயல் குடும்பங்களுக்கே. குடியிருக்கும் குவார்ட்டர்ஸ் அவர்களுக்கே சொந்தமாக வேண்டும். தூசியை அடக்காமல் ஒரு கூடை மண்ணும் அள்ளக்கூடாது. கிணற்று நீரைப் பரிசோதித்து, முடிவைத் தமிழிலும் கன்னடத்திலும் ஊர் நடுவே ஒட்டவேண்டும். தீங்கு நேர்ந்தால் ஈடுசெய்யும் தொகையை முன்கூட்டியே கட்டிவைக்க வேண்டும்.

பாட்டனார் வெட்டிய மண்ணில் பேரனுக்குப் பங்கு கேட்பது பிச்சையல்ல, பாக்கி. அந்தப் பாக்கியை வசூலிக்கத் தங்கவயல் தொழிலாளி எழும்போது, நொய்யலின் அனுபவத்தோடு திருப்பூர் அவர் பக்கம் நிற்கவேண்டும்.