சபுராளிகளின் பேரப்பிள்ளைகளுக்கு ஒரு நாள்



குடவாசல், கூத்தாநல்லூர், பொதக்குடி, அடியக்கமங்கலம் எனக் காவிரிப் பாசனத்து ஊர்களிலிருந்து சிங்கப்பூருக்குப் படிக்கச் செல்லும் பிள்ளைகளுக்கு நாம் கூறும் அறிவுரைகள் ஏறத்தாழ ஒன்றுபோலவே இருக்கின்றன. தொழுகையை விடாதே, ஹலாலைப் பேணு, ஊர் சுற்றாதே. முதலிரண்டும் மார்க்கக் கடமைகள். அவற்றில் மாற்றுக் கருத்துக்கு இடமில்லை. மூன்றாவதை மட்டும் நாம் திருத்திக்கொள்ள வேண்டும் என்பதே இக்கட்டுரையின் வேண்டுகோள். "ஒரு விடுமுறை நாளை ஒதுக்கி அந்நகரின் அருங்காட்சியகங்களையும் பழைய பள்ளிவாசல்களையும் பார்; அங்குள்ள உணவைக் கவனித்து உண்; கண்டதை எங்களுக்கு எழுது" என்று நாமே கேட்டனுப்ப வேண்டும்.

பூமியில் பயணம் செய்து, முன் சென்றோரின் நிலையைக் கண்டு படிப்பினை பெறுமாறு திருக்குர்ஆன் பல இடங்களில் அழைக்கிறது. 1325ஆம் ஆண்டு, 21 வயதில் ஹஜ்ஜுக்காகத் தாஞ்சியரிலிருந்து புறப்பட்ட இப்னு பதூதா, மதுரை சுல்தானகம் வரையிலும் வந்தார். அவர் அரசர்களையும் அறிஞர்களையும் பற்றி மட்டும் எழுதவில்லை. வெற்றிலை, தேங்காய், பலாப்பழம், சோற்றுடன் உண்ட ஊறுகாய் எனத் தாம் கண்ட உணவுகளையும் பதிவு செய்தார். ஆகவே பார்ப்பதும் உண்பதும் எழுதுவதும் நம் மரபுக்குப் புதியவை அல்ல.

சிங்கப்பூரில் அத்தகைய ஒரு நாளைத் தெலுக் ஆயர் தெருவில் தொடங்கலாம். இன்று உயர்ந்த கட்டடங்களுக்கு நடுவே இருக்கும் அத்தெரு, 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் கடல் தூர்க்கப்படும் வரை கடற்கரையாகவே இருந்தது. கப்பலில் வந்திறங்கிய நம்மவர் 1827இல் அங்கே கூரை வேய்ந்த குடிசையொன்றில் தொழத் தொடங்கினர். அதனால் அது குச்சுப் பள்ளி எனப் பெயர் பெற்றது. இன்று அதுவே மஸ்ஜித் அல் அப்ரார். அதே தெருவில் 1828 முதல் 1830 வரை கட்டப்பட்ட நாகூர் தர்கா கட்டடம் இருக்கிறது. தர்காக்களைக் குறித்து நம்மிடையே கருத்து வேறுபாடு உண்டு. அதை இங்கே விவாதிக்க வேண்டியதில்லை. அக்கட்டடம் 2011 முதல் இந்திய முஸ்லிம் பாரம்பரிய மையமாகத் திறந்திருக்கிறது. நம் முன்னோரின் வரலாற்றை அறிய விரும்பும் எவரும் அங்கே செல்லலாம். சற்று தூரத்தில், சவுத் பிரிட்ஜ் சாலையில், சூலியா முஸ்லிம்கள் 1826இல் நிறுவிய ஜாமிஆ பள்ளிவாசல் நிற்கிறது. லுஹரை அங்கே தொழலாம்.

பிறகு ஆற்றங்கரையிலுள்ள ஆசிய நாகரிக அருங்காட்சியகம். 1998இல் இந்தோனேசியாவின் பெலிதுங் தீவருகே மீனவர்கள் கண்டெடுத்த 9ஆம் நூற்றாண்டுக் கப்பலின் சரக்கு அங்கே வைக்கப்பட்டுள்ளது. ஆணியின்றிக் கயிற்றால் பலகைகளைத் தைத்துக் கட்டிய அரபு வகைக் கப்பல் அது. ஏற்றியிருந்ததோ 60,000க்கும் மேற்பட்ட சீனப் பீங்கான்கள். அவற்றுள் ஒரு கிண்ணத்தில் 826ஆம் ஆண்டைக் குறிக்கும் எழுத்து இருக்கிறது. முஸ்லிம் உலகமும் சீனமும் நம் கடல் வழியே வணிகம் செய்த காலத்தை அந்தக் கிண்ணம் சான்றுடன் சொல்கிறது. பாடநூலில் ஒரு வரியாகப் படித்ததைக் கண்ணால் காணும் மாணவன் அதை மறக்கமாட்டான்.

அங்கே சிலைகளும் உள்ளனவே என்று சில பெற்றோர் தயங்கக்கூடும். முன்வாழ்ந்த சமூகங்களின் எச்சங்களை அறிவுக்காகப் பார்ப்பது வேறு, வணங்குவது வேறு. ஐயம் நீங்காதோர் தம் ஊர் ஆலிமிடம் கேட்டுத் தெளியட்டும்.

உணவும் ஒரு வரலாற்று ஆவணமே. முர்தபா என்ற பெயர், மடிக்கப்பட்டது என்னும் பொருள்படும் அரபுச் சொல்லிலிருந்து வந்தது. பிரியாணியுடன் மலாய்க்காரர் பரிமாறும் 'டால்ச்சா' நம் கல்யாண வீட்டுத் தாளிச்சாதான். சீனரின் மீ நூடுல்ஸை நம்மவர் மசாலாவுடன் வறுத்தபோது மீ கோரெங்கின் புதிய வகையொன்று பிறந்தது. ஆயினும் இங்கே எச்சரிக்கை தேவை. பன்றி இறைச்சியும் பன்றிக் கொழுப்பும் இல்லை என்று சில கடைகள் எழுதி வைத்திருக்கும். அது ஹலால் என்பதற்கு ஈடாகாது. அறுப்பு முறையும் மதுக் கலப்பும் தனிக் கேள்விகள். சிங்கப்பூர் இஸ்லாமிய சமய மன்றமான முயிஸ் 1978 முதல் ஹலால் சான்றிதழ் வழங்கி வருகிறது. அந்தச் சான்றைக் கடையில் பார்த்துவிட்டு உண்ணப் பிள்ளைகளைப் பழக்குவோம்.

இந்த ஒரு நாளை மகனுக்கு மட்டும் தந்து மகளுக்கு மறுப்பதும் நீதியாகாது. தோழியருடன் பகற்பொழுதில் சென்று வரக்கூடிய இடங்களே இவை.

இதை நான் வலியுறுத்தக் காரணம் உண்டு. நாகப்பட்டினத்தில் ரஜூலா கப்பல் ஏறிச் சென்ற சபுராளிகளின் உழைப்பில் கட்டப்பட்ட வீடுகளில்தான் நாம் வாழ்கிறோம். அவர்கள் எந்தத் தெருவில் தங்கினார்கள், எந்தப் பள்ளியில் தொழுதார்கள், என்ன தொழில் செய்தார்கள் என்று கேட்டால் நம்மில் பலருக்கு விடை தெரியாது. அவர்கள் எழுதிய கடிதங்கள், பழைய கடவுச்சீட்டுகள், அரபுத்தமிழ் நூல்கள் ஆகியவை, பரண் சுத்தம் செய்யும் நாளில் எடைக்கடைக்குப் போய்விடுகின்றன. அருங்காட்சியகத்தில் ஒரு சாதாரணக் கிண்ணம் கண்ணாடிக்குள் காக்கப்படுவதைப் பார்த்த பிள்ளை, தன் பாட்டனாரின் கடிதத்தைக் குப்பையென்று நினைக்காது. அந்தப் பார்வையைப் பெறுவதற்கே அந்நாள் தேவைப்படுகிறது.

ஆகவே பெற்றோர்களே, வாரம்தோறும் பேசும்போது மதிப்பெண்ணோடு இதையும் கேளுங்கள்: எதைப் பார்த்தாய், அதில் எது நம்முடையது? நீங்களும் வீட்டிலுள்ள பழைய பெட்டியைத் திறந்து, கடிதங்களைப் படம் பிடித்துப் பிள்ளைக்கு அனுப்புங்கள். அந்த முகவரியைத் தேடிச் செல்வதே அவனது அடுத்த விடுமுறையாகட்டும்.

பயனுள்ள கல்வியையும் பாதுகாப்பான பயணத்தையும் நம் பிள்ளைகளுக்கு அல்லாஹ் அருள்வானாக. ஆமீன்.