எரிந்தது ஒரு காப்பகம், எல்லா ஏடுகளும் அல்ல

1922 ஜூன் 30 அன்று டப்ளின் ஃபோர் கோர்ட்ஸ் வளாகத்தில் பொது ஆவணக் காப்பகம் எரிந்தது. ஆகவே அயர்லாந்தில் வம்சாவளி தேடுவது வீண்வேலை என்பது பழகிப்போன வாதம். இழப்பு பெரிதுதான். 1821 முதல் 1851 வரையிலான மக்கள்தொகைக் கணக்கேடுகளில் பெரும்பகுதி அங்கேதான் சாம்பலானது. ஆனால் 1861 முதல் 1891 வரையிலான ஏடுகளை அழித்தது தீ அல்ல, அரசு நிர்வாகமே.

1708இல் தொடங்கிய பத்திரப் பதிவகம் வேறிடத்தில் இருந்ததால் தப்பியது. அங்குள்ள பத்திரச் சுருக்கங்கள் வெறும் நிலக் கணக்கல்ல. திருமண ஒப்பந்தப் பத்திரத்தில் மணமக்களோடு தந்தையர், சகோதரர் பெயர்களும் வரும். பெயர் குறிப்பிட்ட மூவர் உயிரோடிருக்கும்வரை நீடிக்கும் 'மூன்று ஆயுள்' குத்தகையில் குத்தகைதாரரின் பிள்ளைகள் பெயர்கூடக் கிடைக்கும்.

'அது பணக்காரப் புராட்டஸ்டண்டுகளின் ஏடு' என்ற மறுப்பில் நியாயம் உண்டு. 1704ஆம் ஆண்டுச் சட்டம் கத்தோலிக்கர் நிலம் வாங்குவதைத் தடுத்தது. 31 ஆண்டுக்கு மேற்பட்ட குத்தகையையும் மறுத்தது. பதிவும் கட்டாயமல்ல. எனினும் சாட்சிகளாகவும் குடியானவர்களாகவும் எளியோர் பெயர்கள் ஆங்காங்கே தலைகாட்டுகின்றன.

எஞ்சிய இடைவெளியைத் திருமணப் பதிவுகள் ஓரளவு நிரப்புகின்றன. கத்தோலிக்கப் பங்கு ஏடுகள் பங்குகளிலேயே இருந்ததால் தீ தீண்டவில்லை. கத்தோலிக்கரல்லாதார் திருமணங்கள் 1845 முதலும், அனைவர் திருமணங்களும் 1864 முதலும் அரசுப் பதிவில் உள்ளன. இரு தந்தையரின் பெயரும் தொழிலும் அதில் உண்டு.

ஒரே ஊரில் ஒரே பெயர் பலருக்கு இருக்கும். பத்திரத்தையும் திருமணப் பதிவையும் ஒப்பிட்ட பின்பே உறவு உறுதியாகும். தேடல் கடினம், வீண் அல்ல.