கவனக்குறைவு என்னும் எளிய தீர்ப்பு

திருவனந்தபுரம் நகரிலிருந்து சுமார் 40 கிலோமீட்டர் தொலைவில், பொன்முடி மலையடிவாரத்தில் அமைந்த வித்துரா, ரப்பர் தோட்டங்கள் சூழ்ந்த ஊர். பால் வற்றிய மரத்தைச் சாய்க்கச் சங்கிலி ரம்பம், பலகையாக்க வட்ட ரம்பம், அடிக்காட்டை நீக்கக் காடுவெட்டும் இயந்திரம், வீடு கட்டுமிடத்தில் ஆங்கிள் கிரைண்டர் என விசைக்கருவிகள் இத்தகைய ஊர்களின் அன்றாடமாகிவிட்டன. அவற்றோடு விரலிழந்த கைகளும் வந்தன. அக்கைகளைக் காணும்போது சமூகம் வழங்கும் தீர்ப்பு ஒன்றே: "கொஞ்சம் கவனமாக இருந்திருக்கலாம்." அத்தீர்ப்பு எளியது, ஆனால் நேர்மையானதன்று.

நான்கு அங்குல ஆங்கிள் கிரைண்டர் நிமிடத்திற்குச் சுமார் 11,000 முறை சுழல்வது. அதன் தட்டு விளிம்பின் வேகம் மணிக்கு 200 கிலோமீட்டரைத் தாண்டும். ஆபத்தை உணர்ந்து மனிதன் கையை இழுக்க ஏறத்தாழ ஒரு நொடியில் ஐந்தில் ஒரு பங்கு தேவை. அதற்குள் தட்டு முப்பது சுற்றுகளுக்கு மேல் முடித்திருக்கும். இந்தப் போட்டியில் கவனம் ஒருபோதும் வெல்லாது. வெல்லக்கூடியது, கைக்கும் தட்டுக்கும் இடையே நிற்கும் பாதுகாப்பு மூடி மட்டுமே.

அந்த மூடியைத்தான் முதலில் கழற்றுகிறார்கள். மூடி இருந்தால் பெரிய தட்டைப் பொருத்த முடியாது. ஆழமாக அறுக்க முடியாது. கல்லும் இரும்பும் அறுக்கும் கருவியில் பற்களுள்ள மர பிளேடை மாட்டினால், பல் மரத்தில் சிக்கிய கணத்தில் கருவி பிடித்தவரை நோக்கியே எகிறும். இதை அறியாதவர் குறைவு. ஆயினும் வேலையின் அளவுக்கேற்பக் கூலி பெறுபவருக்கு, மூடியோடு அறுக்கும் ஒவ்வொரு நிமிடமும் இழப்பு. அவசரத்தை உண்டாக்குவது கூலிமுறை. பழியைச் சுமப்பது தொழிலாளி.

சட்டம் விரலுக்கு விலை குறித்து வைத்திருக்கிறது. 1923-ஆம் ஆண்டின் இழப்பீட்டுச் சட்டம் வகுத்த அட்டவணைப்படி, முழுக் கட்டைவிரலை இழந்தால் உழைத்துச் சம்பாதிக்கும் திறனில் 30 விழுக்காடு இழப்பு, சுட்டுவிரலுக்கு 14, சிறுவிரலுக்கு 7. பால்வெட்டும் கத்தியைப் பற்றும் கைக்குக் கட்டைவிரல் வெறும் 30 விழுக்காடுதானா என்பது தனிக் கேள்வி. ஆனால் விரலைக் காக்க வேண்டிய சட்டம் எங்கே? 1948-ஆம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டம் இயந்திரங்களுக்கு வேலியிடச் சொன்னது. மின்விசை பயன்படும் இடத்தில் அது பொதுவாகப் பத்துப் பேர் பணிபுரிந்தால்தான் பொருந்தியது. 2020-ஆம் ஆண்டின் பணிப் பாதுகாப்புத் தொகுப்பு அவ்வெல்லையை இருபதாக உயர்த்தியது. மூன்று பேர் உழைக்கும் மர அறுவைக் கூடம் அன்றும் வெளியே நின்றது. இன்றும் அங்கேயே நிற்கிறது.

தொழில்நுட்பம் இல்லை என்றும் சொல்ல முடியாது. தோல் பட்டதும் மின்சார மாற்றத்தை உணர்ந்து, சில மில்லிநொடிகளில் பிளேடை நிறுத்தும் மேசை ரம்பத்தை அமெரிக்காவில் ஸ்டீபன் காஸ் உருவாக்கிக் கால் நூற்றாண்டு ஆகிறது. அதன் விலை சிறு கூடங்களுக்கு எட்டாது என்பது உண்மை. ஆனால் மூடிக்கு அந்த விலை இல்லை. அது கருவியோடே வருகிறது.

எனவே செய்யத்தக்கவை எளியவை. வாடகைக்குக் கருவி தருபவர் மூடியின்றித் தரலாகாது. உரிமம் வழங்கும் ஊராட்சி, ரம்பத்தின் மூடியையும் கைக்கெட்டும் தூரத்தில் நிறுத்துவிசையையும் நிபந்தனையாக்க வேண்டும். துண்டான விரலை நேரடியாகப் பனிக்கட்டியில் இடாமல், ஈரத்துணியில் சுற்றிப் பைக்குள் வைத்து, அப்பையைப் பனிக்கட்டிமேல் வைத்துக் கொண்டுசெல்லும் முறையை ஒவ்வொரு கூடமும் அறிந்திருக்க வேண்டும். மலைச்சாலையில் மருத்துவக் கல்லூரிவரை செல்லும் நேரம் அந்த விரலுக்குரிய நேரம்.

கவனம் தேவையில்லை என்று எவரும் வாதிடவில்லை. எட்டு மணி நேர உழைப்பில் தளரக்கூடியது அது, மூடி தளராது. தளராத ஒன்றைக் கழற்றிவிட்டுத் தளரும் ஒன்றின்மேல் விரல்களை ஒப்படைக்கும் ஏற்பாட்டுக்குக் கவனக்குறைவு என்று பெயரிடுவதுதான் உண்மையான கவனக்குறைவு.