சுசேதா கிருபளானி யாருடைய மனைவி?

ஞாயிற்றுக்கிழமை நம்மவர்கள் நாலு பேர் கூடினால் ஒரு வசனம் கண்டிப்பாக வரும். "வடக்கே பொம்பளைங்களுக்கு என்ன சார் மரியாதை? நம்ம ஊர் மாதிரி வருமா?" உல்லாஸ்நகரில் வங்கி வேலைக்கு வந்த நாளிலிருந்து கேட்டுக்கொண்டிருக்கிறேன். போன மாதம் ஒருவர் ஒரு படி மேலே போய், "இந்தியாவோட முதல் பெண் முதல்வரே நம்ம அம்மாதானே" என்றார். சுற்றி இருந்தவர்கள் தலையாட்டினார்கள்!

இல்லை சாமி. முதல் பெண் முதல்வர் சுசேதா கிருபளானி. மாநிலம், நாம் வாய்க்கு வாய் திட்டுகிற அதே உத்தரப் பிரதேசம். பதவியேற்ற நாள் 1963 அக்டோபர் 2. தமிழ்நாட்டில் ஜானகி அம்மாள் முதல்வரானது 1988 ஜனவரியில், அதுவும் ஒரு மாதம்கூட நீடிக்கவில்லை. ஜெயலலிதா வந்தது 1991இல். கணக்கை நீங்களே போட்டுக்கொள்ளுங்கள்.

இன்னொரு விஷயம். அதே அக்டோபர் 2 அன்றுதான் சென்னையில் காமராஜர் பதவியை விட்டு இறங்கினார். மூத்த தலைவர்கள் பதவியைத் துறந்து கட்சி வேலைக்குப் போகவேண்டும் என்ற அவருடைய திட்டப்படி லக்னோவில் சி.பி. குப்தாவும் விலகினார். அந்த நாற்காலிக்குத்தான் சுசேதா வந்தார். காமராஜர் திட்டம் பற்றி மணிக்கணக்காகப் பேசுகிறோமே, அதனால் ஒரு பெண் முதல்வரானதை யாராவது சொல்லிக் கேட்டதுண்டா?

சொன்னால் அடுத்த அஸ்திரம் தயாராக இருக்கும்: "புருஷன் பெரிய தலைவர், அதான்." ஆச்சார்ய கிருபளானி சிந்துக்காரர். பிரிவினையில் வந்த சிந்திகளுக்காக உருவான ஊர் இது. இங்கேயும் அவரைத் தெரிந்தவர்களுக்கு சுசேதா 'ஆச்சார்யாவின் மனைவி' மட்டும்தான்.

உண்மை என்ன? 1908இல் அம்பாலாவில் பிறந்த வங்காளிப் பெண். காசி இந்துப் பல்கலைக்கழகத்தில் பாடம் நடத்தியவர். தன்னைவிட இருபது வயது மூத்த கிருபளானியை 1936இல் மணந்தார். இரண்டு வீட்டிலும் எதிர்ப்பு, காந்தியே வேண்டாம் என்றார். அப்படியும் பின்வாங்கவில்லை. 1942 போராட்டத்தில் தலைமறைவு, பிறகு சிறை. 1946இல் கலவரம் நடந்த நவகாளிக்குப் போனார். அரசியல் நிர்ணய சபையில் இருந்த 15 பெண்களில் ஒருவர். 1952இல் புதுதில்லித் தொகுதியில் காங்கிரசைத் தோற்கடித்து மக்களவைக்குப் போனார். பிறகு அவர் காங்கிரசுக்குத் திரும்பிவிட்டார், கணவர் திரும்பவில்லை.

1963இல் நடந்ததைப் பாருங்கள். கணவர் உ.பி.யின் அம்ரோஹா இடைத்தேர்தலில் காங்கிரசை எதிர்த்து ஜெயிக்கிறார். ஆகஸ்டில் நேரு அரசின் மீது மக்களவையின் முதல் நம்பிக்கையில்லாத் தீர்மானத்தைக் கொண்டுவருகிறார். அக்டோபரில் மனைவி அதே காங்கிரசின் முதல்வர்! புருஷன் தயவு என்பது இதுதானா?

குப்தா கோஷ்டியின் ஆதரவில் வந்தார் என்பது உண்மை. கோஷ்டி இல்லாமல் அந்தக் காலத்தில் எந்த ஆண் முதல்வரானார்? அவர் ஆட்சியில் அரசு ஊழியர்கள் 62 நாள் வேலைநிறுத்தம் செய்தார்கள். அவர் இறங்கிவரவில்லை. தொழிற்சங்கச் சந்தா கட்டுகிற எனக்கு அதில் உடன்பாடு கிடையாது. ஆனால் கைப்பொம்மைக்கு அத்தனை பிடிவாதம் வராது.

இப்போது நம் பக்கம் வருவோம். கேரளம், கர்நாடகம், ஆந்திரம், தெலங்கானா நான்கிலும் 2025 முடிய ஒரு பெண் முதல்வர்கூட வரவில்லை. நாம் குடியேறிய மகாராஷ்டிரத்திலும் 1960லிருந்து அதே கதைதான். வடக்கில் பெண்கள் படும் கஷ்டத்தை நான் மறுக்கவில்லை. அதைச் சொல்லிக்காட்டுகிற தகுதி நமக்கு இருக்கிறதா என்பதுதான் கேள்வி.

நம் சங்கங்களையே எடுத்துக்கொள்ளுங்கள். பொங்கல் விழாவில் கோலமும் சர்க்கரைப் பொங்கலும் பெண்கள் பொறுப்பு. தலைவர், செயலாளர், பொருளாளர் எல்லாம் ஆண்கள். கேட்டால், "அவங்களுக்கு நேரம் இல்ல சார்" என்பார்கள். அடுப்படிக்கு மட்டும் நேரம் எங்கிருந்து வந்ததாம்?

மகாராஷ்டிர உள்ளாட்சிகளில் 2011 முதல் பாதி இடம் பெண்களுக்கு. உல்லாஸ்நகர் மாநகராட்சியிலும் அப்படித்தான். மராத்தியும் சிந்தியும் சரளமாகப் பேசுகிற பெண்கள் நம் வீடுகளிலேயே இருக்கிறார்கள். "நமக்கெதுக்கும்மா அரசியல்" என்று அவர்களை உட்காரவைப்பது வடக்கத்திக்காரன் இல்லை, நாம்தான். முதலில் சங்கத் தேர்தலில் பொருளாளர் பதவிக்கு ஒரு பெண்ணின் பெயரை முன்மொழியுங்கள். அப்புறம் வடக்கைப் பற்றிப் பேசலாம்.