தலைமுறைக் கண்காட்சியும் தியாக விகிதமும்

போன வாரம் காஸ்ட் அக்கவுண்டிங் பற்றி எழுதி நாலு பேரைத் தூங்க வைத்ததற்கு மன்னிப்பு. இந்த வாரம் ஓவியம், சிற்பம், பானை. "பி.காம் படிக்கிற உனக்கு இதெல்லாம் எதுக்குடா?" என்று கேட்கப் போகிற வகுப்புத் தோழர்கள் தயவுசெய்து கடைசி வரை படிக்கவும். இதுவும் கணக்கு விஷயம்தான்.

எனக்கு ஊர் இடையஞ்சாவடி. ஆரோவில்லை ஒட்டி இருக்கும் கிராமம். காலையில் சைக்கிளிலும் வண்டியிலும் கிளம்பி அந்தப் பக்கத்துப் பட்டறைகளுக்கு வேலைக்குப் போகிறவர்கள் எங்கள் தெருவில் நிறைய. என் தாய்மாமாவும் அதில் ஒருவர். மண்பாண்டம் செய்கிற ஒரு பட்டறையில் 27 வருடமாக வேலை பார்க்கிறார். (பட்டறை பெயரும் மாமா பெயரும் வேண்டாம். அவருக்கு இன்னும் அங்கேதான் சம்பளம்!)

இந்த வருட ஆரம்பத்தில் பக்கத்தில் ஒரு கேலரியில் கண்காட்சி. மூன்று தலைமுறைக் களிமண் கலைஞர்கள் ஒரே கூரையின் கீழ் என்று அழைப்பிதழ். குரு, குருவின் சிஷ்யர், சிஷ்யரின் சிஷ்யர். மேடைப் பலகை தூக்கி வைக்க மாமாவைக் கூப்பிட்டிருந்தார்கள். துணைக்கு நானும் போனேன்.

எல்லாம் வைத்து முடித்ததும் இரண்டாம் தலைமுறை வரிசையில் ஒரு பெரிய ஜாடி பக்கம் கையைக் காட்டி மாமா சாதாரணமாகச் சொன்னார்: "மாப்ள, இது சக்கரத்துல நான் எடுத்ததுடா. அவரு மேல கோடு போட்டாரு, சாயம் போட்டாரு." கொஞ்சம் தள்ளி மூன்றாம் தலைமுறைக்காரரின் கிண்ணங்கள். "இந்தப் பொண்ணு வந்த புதுசுல மண்ணு நடுவுல நிக்கவே நிக்காது. ஆறு மாசம் பக்கத்துல உக்காந்து கையப் புடிச்சுக் காட்டினேன். இப்ப எவ்ளோ நல்லா பண்ணுது பாரு."

மாமா சந்தோஷமாகத்தான் சொன்னார். கோபம் எனக்குத்தான். ஜாடிக்குக் கீழே இருந்த சீட்டில் ஒரு பெயர், ஒரு வருடம், ஒரு விலை. சுவரில் பெரிதாக எழுதியிருந்த தலைமுறைக் கதையில் குருவிடமிருந்து சிஷ்யருக்கு, சிஷ்யரிடமிருந்து அடுத்தவருக்கு வித்தை கைமாறியதாம். எந்தக் கை வழியாக மாறியது என்று எழுத மறந்துவிட்டார்கள்.

நிற்க. இந்த மாதிரிக் கண்காட்சிகளே கூடாது என்று சொல்ல வரவில்லை. தலைமுறை என்று பெயர் வைத்துவிட்டு பிறந்த வருஷத்தை மட்டும் வரிசைப்படுத்துகிறார்களே, அதைத்தான் சொல்கிறேன். எண்பது வயதுக்காரரையும் இருபத்தைந்து வயதுக்காரரையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்தால் அது தலைமுறை ஆகிவிடாது. பஸ்ஸில்கூட அப்படி உட்கார்ந்திருப்பார்கள். யார் யாருக்குக் கற்றுக்கொடுத்தார்கள், யார் யாரோடு சண்டை போட்டார்கள், யார் செலவில் யார் வளர்ந்தார்கள் என்கிற கணக்குதான் தலைமுறை.

இதற்கு நல்ல உதாரணம் நம்மூரிலேயே இருக்கிறது. செமஸ்டர் லீவில் ஈசிஆர் பஸ் ஏறி, மரக்காணம் உப்பளங்களை ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டே இஞ்சம்பாக்கம் சோழமண்டல ஓவியர் கிராமத்துக்குப் போய்வந்தேன். அங்கே 2009ல் திறந்த அருங்காட்சியகத்தில் மெட்ராஸ் கலை இயக்கம் என்று சொல்கிறார்களே, அந்தக் காலத்து ஆட்களின் வேலைகள் இருக்கின்றன.

கதையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். மெரினா உழைப்பாளர் சிலை எல்லோருக்கும் தெரியும். 1959ல் வைத்தது. செய்தவர் தேவி பிரசாத் ராய் சௌத்ரி. 1929லிருந்து 1957 வரை சென்னை ஓவியக் கல்லூரியின் முதல்வர். அவரிடம் படித்தவர் கே.சி.எஸ். பணிக்கர். அவருக்குப் பின் முதல்வர் ஆனவரும் அவரே. ஆனால் ஆசிரியர் போன பாதையில் பணிக்கர் போகவில்லை. உடம்பை உள்ளபடி வடிப்பதை விட்டுவிட்டு, எழுத்தும் எண்ணும் கட்டமும் குறியீடுமாக ஒரு ஓவிய வரிசையை 1963 வாக்கில் தொடங்கினார். முதல் பார்வைக்கு யாரோ லெட்ஜர் எழுதி வைத்த மாதிரி இருக்கும். ஒரு மாணவரின் கணக்கு நோட்டுப் பக்கம்தான் தூண்டுதல் என்று அவரே சொல்லியிருக்கிறார். (கணக்கு நோட்டைக் கேலி செய்பவர்கள் கவனிக்க :-))

அதே கல்லூரியில் சிற்பி தனபால். ராய் சௌத்ரியின் மாணவர், பிறகு ஆசிரியர், பிறகு முதல்வர். தனபாலிடம் வந்து சேர்ந்த கிராமத்துப் பையன்களில் ஒருவர் கே.எம். ஆதிமூலம். கி.ரா.வின் கரிசல் எழுத்துக்குக் கோட்டோவியம் போட்டாரே, அவர்தான். கேலரி வாசலையே மிதிக்காத ஜனங்கள் அவர் கோட்டைப் பத்திரிகையில் பார்த்துப் பழகினார்கள்.

இதுதான் தலைமுறை. ஒருவர் சொல்லிக்கொடுக்கிறார், அடுத்தவர் "இல்லைங்க சார்" என்கிறார், மூன்றாமவர் இரண்டையும் எடுத்துக்கொண்டு வேறு பக்கம் போகிறார். இந்த "இல்லைங்க சார்" எந்தத் தலைமுறைக் கண்காட்சிச் சுவரிலாவது எழுதியிருக்கிறதா? எல்லா இடத்திலும் "மரபின் தொடர்ச்சி" என்று ஒரே வார்த்தை. கல்யாணப் பத்திரிகையில் உறவு போடுகிற மாதிரி.

இன்னொரு விஷயம்தான் எனக்கு முக்கியம். 1966ல் சோழமண்டலம் உருவானபோது நிலத்துக்குப் பணம் எங்கிருந்து வந்தது? ஓவியம் விற்றா? அப்போது யார் வாங்கினார்கள்! பணிக்கரும் மற்றவர்களும் பாடிக் துணி மாதிரிக் கைவினைப் பொருட்கள் செய்து விற்றார்கள். அந்தக் காசில்தான் இடம் வாங்கினார்கள். அதாவது தென்னிந்திய நவீன ஓவியத்துக்கு மூலதனம் போட்டது கைத்தொழில். அப்படிப்பட்ட பரம்பரையைச் சொல்லிக்கொண்டு வந்து "இது கலை, அது வெறும் கைவேலை" என்று எங்கள் மாமாவை மேடைப் பலகை தூக்க மட்டும் கூப்பிடுவது எந்த ஊர் நியாயம்?

சரி, கணக்குக்கு வருவோம். பிளஸ் டூவில் தமிழ் மீடியத்தில் கணக்குப்பதிவியல் படித்தவர்களுக்குக் கூட்டாளி சேர்ப்பு ஞாபகம் இருக்கும். புதுக் கூட்டாளி வரும்போது பழைய கூட்டாளிகள் தங்கள் லாபப் பங்கில் கொஞ்சம் விட்டுக்கொடுக்கிறார்கள். அந்த விகிதத்துக்குப் பெயர் தியாக விகிதம். புதியவர் நற்பெயருக்காகக் கொண்டுவரும் பணத்தை, தியாகம் செய்தவர்களுக்கு அதே விகிதத்தில் பிரித்துக் கொடுக்க வேண்டும்.

தலைமுறைக் கண்காட்சி என்பது ஒரு கூட்டாளி சேர்ப்பு. பெரியவரின் நற்பெயர் புதியவரின் விலைச்சீட்டுக்கு வருகிறது. தப்பே இல்லை, புதியவர்கள் பிழைக்க வேண்டும். ஆனால் இங்கே தன் பெயரை விட்டுக்கொடுத்தவர் கூட்டாளிப் பட்டியலிலேயே கிடையாது. அவருக்கு வியாபாரக் கணக்கின் பற்றுப் பக்கத்தில் "கூலி" என்று ஒரு வரி. மாதா மாதம் எழுதினோம், முடிந்தது. தியாகம் உண்டு, விகிதம் மட்டும் கிடையாது.

இது நம்மூர் வியாதி மட்டும் இல்லை. இங்கிலாந்தில் செயின்ட் ஐவ்ஸ் என்ற கடலோர ஊரில் 1920ல் பெர்னார்ட் லீச்சும் ஜப்பானிய நண்பர் ஷோஜி ஹமாதாவும் ஒரு பட்டறை தொடங்கினார்கள். 1938ல் வில்லியம் மார்ஷல் என்ற உள்ளூர்ப் பையன் அங்கே தொழில் பழகச் சேர்ந்தார். பிற்காலத்தில் லீச்சின் பெரிய ஜாடிகள் பலவற்றைச் சக்கரத்தில் எடுத்தவர் அவர்தான். லீச் படம் வரைந்து கொடுப்பார், மார்ஷல் எடுப்பார், லீச் அலங்கரிப்பார். ஆனாலும் ஒரு வித்தியாசம். மார்ஷல் யார் என்பது இன்றைக்கு எழுத்தில் இருக்கிறது. இங்கே உட்கார்ந்துகொண்டு நானே அவர் பெயரைப் படிக்க முடிகிறது. அதனால் லீச்சின் பெயர் ஒன்றும் கெட்டுப்போகவில்லை.

நம் பக்கம் புதுச்சேரியில் ரே மீக்கரும் டெபோரா ஸ்மித்தும் 1971ல் தொடங்கிய கோல்டன் பிரிட்ஜ் பாட்டரியும் அப்படி ஊருக்கே வேரானது. (மாமா வேலை பார்ப்பது அங்கே இல்லை, வீணாகச் சண்டைக்கு வராதீர்கள்.) அங்கே கற்றவர்கள் நாடு முழுக்க இருக்கிறார்கள். இந்தப் பகுதியில் களிமண்ணில் தலைமுறை என்று பேசினால் அதைத் தொடாமல் பேச முடியாது. அதே புதுச்சேரியில் சுடுமண் சிற்பி வி.கே. முனுசாமிக்கு 2020ல் பத்மஸ்ரீ கொடுத்தார்கள். அவர் குடும்பமும் தலைமுறை தலைமுறையாக மண் வேலை செய்ததுதான். இந்த இரண்டு கொடியும் ஒரே மண்ணில் படர்ந்தவை. ஒரே சுவரில் ஏன் அடிக்கடி பார்க்க முடிவதில்லை?

இதற்குப் பதில் தயாராக வைத்திருப்பார்கள். "தம்பி, கலையில் எண்ணம்தான் முக்கியம். கை யாருடையது என்பது முக்கியமில்லை." சரி, ஒத்துக்கொள்கிறேன். சினிமாவிலும் எண்ணம் டைரக்டருடையதுதான். ஆனாலும் படம் முடிந்ததும் உதவி டைரக்டர், லைட் யூனிட், சாப்பாடு போட்டவர் வரைக்கும் பெயர் ஓடுகிறது. அதனால் டைரக்டர் சின்னவர் ஆகிவிட்டாரா? கை முக்கியமில்லை என்றால், ஒவ்வொரு அழைப்பிதழிலும் கைகளைப் படம் பிடித்துப் போடுவதையாவது நிறுத்துங்கள்.

எங்கள் பக்கத்து அய்யனார் கோயிலைப் பாருங்கள். மண்குதிரை வரிசை. வேண்டுதலுக்குப் புதுக் குதிரை வைக்கும்போது பழைய குதிரையை யாரும் தூக்கிப் போடுவதில்லை. காது உடைந்தது, சாயம் போனது, பாதி மண்ணாகவே ஆனது எல்லாம் அப்படியே நிற்கும், பளபளவென்று புதுசு முன்னால் நிற்கும். கியூரேட்டர் இல்லாத தலைமுறைக் கண்காட்சி. அங்கேயும் பெயர்ச் சீட்டு இல்லைதான். ஆனால் எந்தக் குதிரை யார் வீட்டுச் சூளையில் வெந்தது என்று ஊர்க் கிழவிகளுக்குத் தெரியும். கேலரிக்கு அந்தக் கிழவிகள் வருவதில்லை. அங்கே சீட்டில் இல்லாதது எங்கேயும் இல்லை.

பெயரில் என்ன இருக்கிறது என்று கேட்கிறவர்களுக்காக இதைச் சொல்கிறேன். 2025ல் தமிழக அரசு கலைஞர் கைவினைத் திட்டம் தொடங்கியது. மண்பாண்டத் தொழிலும் அதில் உண்டு. ரூ.3 லட்சம் வரை கடன், 25 சதவீத மானியம், அதிகபட்சம் ரூ.50,000. வீட்டுக்குப் பின்னால் சொந்தமாக ஒரு சக்கரமும் சின்னச் சூளையும் போட வேண்டும் என்பது மாமாவின் நெடுநாள் ஆசை. தொழில் அனுபவம் ஐந்து வருடமாவது வேண்டும் என்று நிபந்தனை. விண்ணப்பத்தை நான்தான் நிரப்பினேன். "நீ செஞ்சதுன்னு காட்ட என்ன மாமா இருக்கு?" என்று கேட்டேன். அவர் இரண்டு கையையும் விரித்துக் காட்டிச் சிரித்தார். 27 வருடம். எத்தனையோ ஜாடி. அவர் பெயர் போட்ட ஒரு துண்டுச் சீட்டு கிடையாது.

எனவே கண்காட்சி நடத்துகிற பெரியவர்களுக்கு மூன்றே கோரிக்கைகள். ஒன்று, சீட்டில் வடிவம் யோசித்தவர், சக்கரத்தில் எடுத்தவர், சூளை பார்த்தவர் என்று மூன்று வரி போடுங்கள். அச்சுச் செலவு ஏறாது. இரண்டு, யார் யாரிடம் கற்றார்கள் என்று எழுதும்போது பட்டறைக்காரர்களையும் கேட்டு எழுதுங்கள். மூன்று, எங்கே ஒத்துப்போகவில்லை என்பதையும் எழுதுங்கள். பார்க்க வருகிறவர்கள் ஒன்றும் குழந்தைகள் இல்லை.

இதைச் செய்ய முடியாது என்றால் தலைமுறை என்ற சொல்லை எடுத்துவிட்டு "மூன்று பேர்" என்று போடுங்கள். அதுவாவது நேர்மையாக இருக்கும்.

டிஸ்கி: இதை எழுதுவதற்கு முன்னால் மாமாவிடம் படித்துக் காட்டினேன். "அந்தப் பொண்ணத் திட்டாதடா, அது நல்ல பொண்ணு" என்றார். திட்டவில்லை மாமா. அவங்களுக்கும் ஒரு சீட்டு எழுதச் சொல்கிறேன், அவ்வளவுதான்.