திண்ணை உணர்த்தும் தர்மம்

முட்டுக்காடு தட்சிணசித்ராவை ஒருமுறை கண்டதோடு நிறுத்திவிட வேண்டாம். 1996ஆம் ஆண்டு திறக்கப்பட்ட இவ்வளாகத்தில், தென்மாநிலங்களின் பழைய வீடுகள் பிரித்துக் கொணரப்பட்டு மீண்டும் எழுப்பப்பட்டுள்ளன. செவ்வாய்க்கிழமை விடுமுறை.

முதல்முறை செட்டிநாட்டு வீட்டின் மரத்தூண்களே கண்ணை நிறைக்கும். மறுமுறை ஐயனாரின் மண்குதிரைகள் நம்மை நிறுத்தும். பேரக்குழந்தைகளை ஓடவிட்டு நாம் ஓய்ந்து அமரும்போதுதான் திண்ணையின் பெருமை விளங்கும். முன்பின் அறியாத வழிப்போக்கரும் இளைப்பாற, பூட்டிய கதவுக்கு வெளியே வீட்டார் ஒதுக்கிய இடம் அது. விருந்தோம்பலை வீட்டோடு சேர்த்தே கட்டினர் நம் முன்னோர்.

இன்று நம் மண்ணூர்ச் சாலையில் வெளியூர்த் தொழிலாளர் நிழல் தேடி நிற்கின்றனர். நம் புதுவீடுகளிலோ திண்ணை இல்லை. வாசலில் ஒரு பலகையும் ஒரு பானைத் தண்ணீரும் வைப்போம், அதுவும் ஆராதனையே.